அந்தக் காலத்தில் பாகம் பிரித்தது எப்படி? ஓமலூர் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கூர்ச்சீட்டை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஒரு பழைய கூர்ச்சீட்டு, அதாவது பாகப்பிரிவினைத் தாள், இருக்கிறது. கர வருஷம் மாசி மாதம், அதாவது 1952-ன் தொடக்கத்தில், தாத்தாவும் அவருடைய அண்ணனும் தம்பியும் பிரிந்துகொண்டபோது எழுதியது. ஊர் ஓமலூருக்கும் சேர்வராயன் மலை அடிவாரத்துக்கும் நடுவில். மொத்தச் சொத்தே 6 ஏக்கர் 36 சென்ட், ஒரு கிணறு, ஒரு ஓட்டு வீடு, மாடு கட்டும் கட்டுத்தரை ஒன்று, அவ்வளவுதான். ஆனால் பட்டா மாற்றப் போகிற பங்காளிகள், அத்தைமார்களின் பிள்ளைகள், சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பேரன் பேத்திகள் என்று ஆளாளுக்கு என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள், அதுவும் ஒரே கேள்விகளை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. தாளை வைத்திருப்பவன், அவ்வளவே.

எப்போது பிரிப்பார்கள்? அப்பா இறந்த பிறகுதானா?

சட்டப்படி அப்படி இல்லை. மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்ட முறையில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறந்ததுமே பங்கு உண்டு, அப்பா உயிரோடு இருக்கும்போதே கேட்கலாம். ஆனால் கேட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. அதனால் பெரும்பாலும் அப்பா காலமான பிறகு, கடைசித் தம்பிக்கும் கல்யாணம் முடிந்த பிறகுதான் பேச்சே எழும். நிலம் பிரியும் முன்பே அடுப்பு பிரிந்துவிடும். ஒரே கூரைக்குக் கீழே மூன்று உலை கொதிக்க ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் நிலத்துக்கு வருவார்கள். எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா இறந்தது 1949-ல், தாள் எழுதியது 1952-ல்.

மாதம் என்று பார்த்தால் மாசி, பங்குனி. வெள்ளாமை வீடு வந்து காடு (விளைநிலம்) காலியாக இருக்கும், அளக்கலாம். அடுத்த உழவுக்குள் அவரவர் இடம் தெரிந்துவிடும்.

யார் உட்கார்ந்து பிரித்தது?

மணியக்காரர் (ஊர்த் தலைவர்), கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), ஊர்ப் பெரியவர் இரண்டு பேர், தாய்மாமன் ஒருவர். தாய்மாமன் ஏன் என்றால், அவருக்கு மூன்று பேரும் அக்காள் மகன்கள், யார் பக்கமும் சாயக் காரணம் இல்லை என்ற நம்பிக்கை. பங்காளிகளில் ஒருவரையாவது சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அவர்தான் முதலில் வம்பு பேசுவார். மணியமும் கர்ணமும் பரம்பரைப் பதவிகள். 1980-ல் அவை ஒழிந்து, அப்புறம்தான் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அதனால் பழைய தாளில் கர்ணம் கையெழுத்து இருந்தால் அது அரசு முத்திரை என்று நினைத்துவிட வேண்டாம், எழுதத் தெரிந்த மனிதர் என்பதால் பிடித்து உட்காரவைத்திருப்பார்கள்.

எங்கள் நிலம் ஏன் ரிப்பன் மாதிரி நீளமாக இருக்கிறது? குறுக்கே வெட்டியிருந்தால் சதுரமாக வந்திருக்குமே?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான், கோபத்தோடு கேட்கிற கேள்வியும் இதுதான்.

நம் தோட்டம் 1 ஏக்கர் 50 சென்ட். அந்தக் கால அளவுச் சங்கிலி ஒன்று 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். தோட்டம் வடக்கு தெற்காக ஐந்து சங்கிலி, கிழக்கு மேற்காக மூன்று சங்கிலி. கிணறு வடக்குக் கோடியில் இருக்கிறது, தலை வாய்க்கால் அந்த வடக்குப் பொழியை (எல்லை வரப்பை) ஒட்டியே போகிறது. இப்போது குறுக்கே மூன்றாக வெட்டிப் பாருங்கள். வடக்குத் துண்டுக்காரர் வாய்க்கால் மேலேயே உட்கார்ந்திருப்பார், தெற்குத் துண்டுக்காரர் இரண்டு பேர் காட்டைத் தாண்டித் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். வழியில் மண் குடித்தது போக என்ன மிஞ்சும்? நீளவாக்கில் வெட்டினால் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு சங்கிலி அகலம், வாய்க்கால் எல்லோர் தலைமாட்டிலும் ஓடும்.

மேட்டுக்காடும் அதே கதைதான், காரணம் மட்டும் வேறு. மலையடிவாரம் ஆனதால் நிலம் சரிவு. மேலே சுக்காங்கல், கீழே போகப் போக வண்டல். 4 ஏக்கர் 86 சென்ட்டைக் குறுக்கே வெட்டினால் ஒருத்தருக்கு வெறும் கல்லுதான் கிடைக்கும். மேலிருந்து கீழாகக் கயிறு போட்டதால் ஆளுக்கு 1 ஏக்கர் 62 சென்ட், அதில் ஆளுக்குக் கொஞ்சம் கல், கொஞ்சம் வண்டல்.

நியாயமாகத்தான் செய்தார்கள். ஆனால் ஒரு தலைமுறைக்கான நியாயம். 66 அடி அடுத்த தலைமுறையில் 33 ஆனது. எங்கள் சித்தப்பா மகன் அந்த 33 அடிக்குள் டிராக்டரைத் திருப்பும்போது பக்கத்து வரப்பில் சக்கரம் ஏறாமல் இருந்த நாளே கிடையாது, அதற்காகவே வருஷத்துக்கு இரண்டு தடவை சண்டை. ஏர் திருப்ப 33 அடி தாராளம். 1952-ல் ஏர்தான் இருந்தது.

யார் முதலில் எடுப்பது? மூத்தவருக்குக் கூடுதல் பங்கு உண்டா?

மூத்தவருக்குக் கூடுதல் என்பது ரொம்பப் பழைய சாஸ்திரங்களில் இருக்கிறது, நடைமுறையில் எப்போதோ போய்விட்டது. எங்கள் வீட்டில் மூத்தவர் கூர் வைத்தார் (பங்குகளாகப் பிரித்து வைத்தார்), இளையவர் முதலில் எடுத்தார். கூர் வைப்பவருக்குக் கடைசியில் மிஞ்சுவதுதான் என்பதால் அவர் சரிசமமாக வைத்தே ஆக வேண்டும், வேறு காவல் தேவையில்லை. மனத்தாங்கல் அதிகம் இருக்கிற வீடுகளில் சீட்டு எழுதிச் சொம்பில் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

பழைய வீடு இளையவருக்குப் போனது. அம்மா அவரோடுதான் இருப்பார் என்பதால். மற்ற இருவருக்கும் வீட்டுமனையும், ஓட்டுக்கும் சட்டத்துக்கும் ஈடாகக் கொஞ்சம் ரொக்கமும்.

கிணற்றை எப்படிப் பிரித்தார்கள்?

கிணற்றைப் பிரிக்க முடியாது, நாளைத்தான் பிரிக்கலாம். தாளில் இப்படி இருக்கிறது: “மேற்படி கிணற்றில் மூன்றில் ஒரு பாகமும், கவலை ஓட்டிக்கொள்ளும் பாத்தியமும், மாமூல் தட பாத்தியமும் உள்பட.” கவலை என்றால் மாடு பூட்டிச் சால் என்ற பெரிய வாளியால் தண்ணீர் இறைப்பது, பாத்தியம் என்றால் உரிமை, தடம் என்றால் வழி. ஒரு நாள் ஒருத்தர், நான்காம் நாள் மறுபடி முதல் ஆள். விடியலில் மாடு பூட்டினால் பொழுது இறங்கும்வரை அவருடைய தண்ணீர். ராத்திரி ஊறுவது அடுத்த நாள்காரருக்கு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. அமாவாசையன்று மாடு பூட்டக் கூடாது என்பது வழக்கம். அப்படியென்றால் அமாவாசை யார் முறையில் வருகிறதோ அவருக்கு நஷ்டமா? “அமாவாசை வந்தால் முறை தள்ளிக் கொள்ளவும்” என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது அந்த நாளை விட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரு நாள் பின்னால் போகும். இப்படி யோசித்தவர்கள் தூர் வாரும் செலவையும் விடவில்லை, மூன்றில் ஒரு பங்கு. சாலும் வடக்கயிறும் மட்டும் அவரவர் சொந்தம்.

இத்தனையும் கவலை ஓட்டியதற்குப் பொருந்தும். 1970-களில் கரண்டு மோட்டார் வந்தது. சர்வீஸ் ஒருத்தர் பேரில்தான் எடுக்க முடியும், பெரியதாத்தா பேரில் எடுத்தார்கள். மாடு ஒரு நாளில் இறைத்ததை மோட்டார் இரண்டு மணி நேரத்தில் உறிஞ்சிவிட்டது, மீதி நேரம் ஊற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். “நாள்” என்ற கணக்கே அர்த்தம் இழந்தது. யாரும் தாளைத் திருத்தி எழுதவில்லை. நம் குடும்பத்தில் கோர்ட் வாசல் வரை போன இரண்டு சண்டைகளும் கிணற்றாலும் தடத்தாலும் வந்தவைதான், நிலத்தால் வந்தது ஒன்றுகூட இல்லை. கூறுபோட்டதைப் பற்றி யாருக்கும் குறையில்லை, “பொதுவில்” என்று எழுதியதெல்லாம் பின்னால் முள்ளாகிவிட்டது. யாராவது இன்று பாகம் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் “பொதுவில்” என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் எத்தனை அடி, எத்தனை மணி நேரம், யார் செலவு என்று எழுதிவிடுங்கள்.

மரம், மாடு, பாத்திரம் எல்லாம்?

ஏர் மாடு இரண்டு ஜோடி, ஆட்கள் மூன்று. ஆளுக்கு ஒரு ஜோடி இரண்டு பேருக்கு, மூன்றாமவருக்கு வண்டியும் கறவை எருமையும். எருக்குழியைக்கூட விடவில்லை, கூடை போட்டு எண்ணி மூன்றாகக் குவித்தார்கள் என்று அப்பாயி சொல்வார். சிரிப்பாக இருக்கும், ஆனால் உரக்கடை இல்லாத ஊரில் அது ஒரு வருஷத்து வெள்ளாமை.

புளியமரம் இரண்டுதான். அவை யார் நிலத்தில் விழுந்தனவோ அவருக்கு என்று விடாமல், மரம் மூன்று பேருக்கும் பொது, உலுக்குகிற அன்று மூன்று வீட்டு ஆளும் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். இப்படி நிலம் ஒருத்தருக்கு, மரம் இன்னொருத்தருக்கு என்பது நம் பக்கம் சகஜம். அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த இடத்திலேயே இருந்தன. வெண்கலப் பாத்திரங்களைத் தராசில் நிறுத்தார்கள். பெரிய அண்டா ஒன்றை மட்டும் நிறுக்கவில்லை. “கல்யாணங் காட்சிக்கு மூவரும் எடுத்துக் கொள்ளவும், மூத்தவர் வசம் இருக்கவும்.”

கடன் இருந்தால்?

அதையும் மூன்றாகப் பிரித்துவிடுவார்கள். அப்பா கடனை அடைப்பது மகனின் கடமை என்று பழைய இந்துச் சட்டம் சொன்னது, 2005 திருத்தம்தான் அதை எடுத்தது. 1930-களின் மந்தத்தில் விலை சரிந்தபோது புரோநோட்டுக் கடனில் பல காடுகள் கைமாறின. அப்போது முதல்வராக இருந்த நம்ம ராஜாஜி (சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நகராட்சித் தலைவராகவும் இருந்தவர்) 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். பழைய கடன்களில் நின்றுபோன வட்டி ரத்து, வாங்கிய அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. 1952 தாளில் கடன் பத்தி நான்கே வரிதான், அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தாத்தா சொன்னதாக அப்பா சொல்வார்.

அத்தைகளுக்கு ஏன் ஒன்றும் எழுதவில்லை?

எழுதியிருக்கிறார்கள், நிலமாக இல்லை. பெரிய அத்தைப்பாட்டிக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது, அவர் பெயரே தாளில் இல்லை. சின்னவருக்கு ஆகவில்லை. “கன்னிகையின் விவாகச் செலவை மூவரும் சமமாய் ஏற்கவும், தலைச்சன் பிரசவமும் ஆடி, தைச் சீர்களும் செய்யவும்” என்று ஒரு வரி. அன்றைய சட்டத்தில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கிடையாது, கல்யாணச் செலவும் அதுவரை சோறும்தான்.

சீர் செய்தோமே, அதுதானே பங்கு என்று எங்கள் பெரியப்பாக்கள் வாதாடுவார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. சீர் என்பது கொடுக்கிறவர் மனசைப் பொறுத்தது. பஞ்சம் வந்தால் புடவை குறையும், கொழுந்தியாளோடு சண்டை வந்தால் சீரே வராது. 50 சென்ட் தோட்டம் எந்த வருஷமும் குறையாது.

சட்டம் மாறிய வரிசை இது. 25-3-1989 முதல் தமிழ்நாட்டில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பால் பங்கு, ஆனால் அதற்குள் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை, ஏற்கெனவே பிரிந்த சொத்துக்கும் இல்லை. 9-9-2005 முதல் மத்திய சட்டத்தில் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதமும் போனது. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்ட்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கொள்ளுப்பாட்டிக்கு?

தாளில் அவருக்கு “வருஷம் ஒன்றுக்கு ராகி ஆறு மூட்டை, தலைக்கு இரண்டு, புடவை இரண்டு, இளையவர் வீட்டில் வாசம்.”

இங்கேதான் பெரியவர்கள் செய்தது தப்பு என்று நினைக்கிறேன். 1937-லேயே விதவையின் சொத்துரிமைச் சட்டம் வந்துவிட்டது. கூட்டுக் குடும்பத்தில் கணவனுக்கு இருந்த பங்கு, அவர் இறந்தால் மனைவிக்கு ஆயுள்வரை. விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது என்று ஆகிவிட, 1947-ல் சென்னை மாகாணம் நிலத்துக்கும் நீட்டித்தது. கொள்ளுத்தாத்தா இறந்தது 1949. அப்பா ஒன்று, மகன்கள் மூன்று என்று பார்த்தால் கொள்ளுப்பாட்டிக்கு நாலில் ஒரு பங்கு, 1 ஏக்கர் 59 சென்ட் கேட்கிற உரிமை இருந்தது. யாரும் சொல்லவில்லை. கர்ணத்துக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கொள்ளுப்பாட்டியின் பெருவிரல் ரேகை தாளின் அடியில் இருக்கிறது, மை கொஞ்சம் இழுபட்டிருக்கிறது.

உங்கள் வீட்டுத் தாளில் பாட்டிக்கு ராகிக்குப் பதிலாக “ஜீவனாம்சத்துக்காக ஆயுள்வரை 20 சென்ட்” என்பது போல நிலமே எழுதியிருந்தால் கவனமாகப் பாருங்கள். 17-6-1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபோது அது அவர் அனுபவத்தில் இருந்திருந்தால் ஆயுள் பங்கு முழு உரிமையாகிவிட்டிருக்கும். 1977-ல் துளசம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. அப்படியானால் அந்த 20 சென்ட்டுக்கு அவருடைய மகள்களும் வாரிசு.

பதிவு செய்யாத கூர்ச்சீட்டு செல்லுமா?

வாய்மொழியாகப் பிரித்துக்கொள்வது சட்டப்படி தப்பில்லை. முதலில் பெரியவர்கள் முன்னால் பிரித்துக்கொண்டு, அப்புறம் ஞாபகத்துக்காக “இன்ன மாதிரி பிரிந்துகொண்டோம்” என்று எழுதி வைத்தால் அதற்குப் பதிவு தேவையில்லை, 1976-ல் காலே வழக்கிலும் இதைத்தான் சொன்னார்கள். அந்தத் தாளாலேயே பிரிகிறோம் என்று எழுதினால், 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தென்றால், 1908 பதிவுச் சட்டப்படி பதிவு செய்தே தீர வேண்டும். ஆகவே உங்கள் தாளில் “பிரிந்துகொண்டோம்” என்றிருக்கிறதா “பிரிந்துகொள்கிறோம்” என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம்முடையதில் “கொண்டோம்”.

அதோடு அனுபவமும் ஒத்துப்போக வேண்டும். தனித்தனி கிஸ்தி (நிலவரி) ரசீது, அடங்கலில் (ஊர்ப் பயிர்க் கணக்கில்) தனித்தனிப் பெயர், இந்த மாதிரி.

“பசலி”, “செக்குபந்தி” என்றால்?

பசலி என்பது வருவாய்க் கணக்கின் ஆண்டு, ஜூலை 1-ல் தொடங்கும். அதோடு 590-ஐக் கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். நம் தாளில் 1361, அதாவது 1951 ஜூலை முதல் 1952 ஜூன் வரை. செக்குபந்தி என்றால் நான்கு எல்லை. “நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம்” என்று வந்தால் புதையல், தண்ணீர், மரம், கல் எல்லாம் சேர்த்து என்று பொருள். புதையலுக்கு யாரும் ஆசைப்பட வேண்டாம்.

சில தாள்களில் “மிட்டா” என்று இருக்கிறதே?

1792-ல் சேலம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும் கேப்டன் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் குடியானவர்களிடம் நேராக வரி வாங்கும் முறையை இங்கேதான் முயன்று பார்த்தார்கள். அடுத்த சில வருஷங்களில் அதை மாற்றி, ஊர்களைக் கட்டுக்கட்டாக மிட்டாக்களாக்கி ஏலம் விட்டார்கள். மிட்டா ஊர்களில் குடியானவர் வரியை மிட்டாதாரிடம் கட்டினார். 1948 சட்டத்தால் மிட்டாக்களை அரசு எடுத்துக்கொண்டு ரயத்துவாரிப் பட்டா (அரசுக்கே நேராக வரி கட்டும் பட்டா) கொடுத்தது. உங்கள் தாத்தா தாளில் சர்வே நம்பரும் இன்றைய நம்பரும் பொருந்தாமல் போனால் காரணத்தை அந்த மாற்றத்தில் தேடுங்கள்.

ஏற்காட்டு மலையிலும் இதே முறையா?

இல்லை. அங்கே இருக்கிற மலையாளி என்ற மலைவாழ் மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல) அட்டவணைப் பழங்குடியினர், அவர்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் தானாகப் பொருந்தாது. அவரவர் வழக்கப்படி, ஊர்ப் பெரியவர் முன்னிலையில் நடக்கும். காப்பித் தோட்டங்கள் தனிக் கதை, 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுவந்ததிலிருந்து தொடங்குவது.

பட்டா இன்னும் கூட்டாகவே இருக்கிறது. என்ன செய்வது?

1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் கணக்கெடுப்பில் ஏக்கர் ஹெக்டேர் ஆனது, பல ஊர்களில் அண்ணன் தம்பி பெயர்கள் ஒரே பட்டாவில் கொட்டப்பட்டன, சில பெயர்கள் விட்டுப்போயின. கூர்ச்சீட்டு, பழைய சிட்டா, கிஸ்தி ரசீது, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசில் உட்பிரிவுக்கு மனுக் கொடுக்க வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொண்டால் இப்போது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துவிடுவதுதான் சுருக்கு வழி. ஒத்துக்கொள்ளாத ஒருத்தர் எப்போதும் இருப்பார், நம் விஷயத்தில் அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த அண்டா இப்போது எங்கே?

பெரியதாத்தாவின் பேரன் வீட்டு மாடியில், கவிழ்த்து வைத்திருக்கிறது. போன தை மாதக் கல்யாணத்துக்கு நாங்கள்தான் எடுத்து வந்தோம். திருப்பிக் கொடுக்கும்போது புளி போட்டு விளக்கித்தான் கொடுக்க வேண்டும், அது தாளில் இல்லை, ஆனால் அண்ணி வாசலிலேயே உள்ளே எட்டிப் பார்த்துத்தான் வாங்கினார்.